ஈரக் குரல்

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மாதுங்காவில் அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து அத்திம்பேர் எண்ணிக்கொண்டிருந்தார். மழைக்காலத்துச் சாயங்காலம், ஐந்தரை மணி இருக்கும். சமையலறையில் அக்கா டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. நான் எதிரே பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, கைபேசியை அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

நாலு வரைக்கும் அது அவர் குரல். ஐந்தில் ஏதோ கூடச் சேர்ந்துகொண்டது. அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிய குழாய் வழியாகக் காற்று வந்தால் ஒரு கொழகொழப்பு கேட்குமே, அது. ஏழில் குரல் முழுக்க நனைந்திருந்தது. பத்தைச் சொன்னது வேறு யாரோ.

அவர் இருமவில்லை. தொண்டையைச் செருமவில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"சரியா எண்ணினேனா, ராஜி?" என்று அந்த இன்னொரு குரலில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

சமையலறையில் குழாய் நின்றது. அக்கா வாசற்படியில் வந்து நின்று என்னை மட்டும் பார்த்தாள். அன்றைக்கு அவள் மெதுவாகச் சொன்னதை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்: "பாத்தியா? சாயங்காலம் ஆனா ஆத்துல இன்னொரு புருஷன் வந்து உட்கார்ந்துக்கறான்டி."

மூன்று கேள்விகள்

என் அக்கா ஜெயாவின் கணவர் அவர். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவர். முந்தைய வருஷம் அவருக்குச் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்தது. பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பியது. வலது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

பிறகு காய்ச்சல் ஆரம்பித்தது. நாலு மாதத்தில் இரண்டு தடவை செம்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு தடவையும் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டு.

"சாப்பிடுவதோ குடிப்பதோ தப்பான வழியில் இறங்குகிறது" என்றார் டாக்டர். மராத்திக்காரப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும், விழுங்குவதை மட்டுமே பார்ப்பவர். "ஆனால் எப்போது என்று பிடிபடவில்லை. இன்னொரு தடவை காய்ச்சல் வந்தால் வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்துவிடுவோம். வாயால் எதுவும் கிடையாது. மூன்றாவது தடவை தப்பித்தாலும் இந்த நுரையீரல் நாலாவது தடவையைத் தாங்காது."

வாயால் எதுவும் கிடையாது என்றதும் அத்திம்பேர், காபியும் கிடையாதா என்று கேட்டார். கிடையாது என்றார் டாக்டர்.

நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் பல வருஷம் ஆஸ்பத்திரிச் செய்திகள்தான் என் பொறுப்பு. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர் ஒருவர், இட்லி நெஞ்சில் நிற்கிறது என்று மாதக்கணக்கில் கஞ்சியிலேயே ஓட்டியவர், வேறொரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நான் கூட இருந்தேன். டாக்டர் மூன்றே கேள்வி கேட்டார். முதலில் நின்றது கெட்டியா, தண்ணீரா? எந்த இடத்தில் நிற்கிறது, விரலால் காட்டு. விழுங்கிய உடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா?

கெட்டியானது முதலில் நின்றால் உணவுக்குழாய் குறுகியிருக்கலாம். தண்ணீர் முதலில் சண்டை போட்டால் நரம்பையும் தசையையும் சந்தேகப்பட வேண்டும். பட்டறைக்காரர் நடு நெஞ்சைக் காட்டினார். குழாய் குறுகித்தான் இருந்தது.

அத்திம்பேரிடம் அந்த மூன்று கேள்வியும் தோற்றுப்போயின. எதுவும் நிற்கவில்லை, எங்கேயும் வலிக்கவில்லை. அவரைக் கேட்டால் அவருக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். கரண்டியில் கொடுத்தார்கள், கப்பில் கொடுத்தார்கள். எல்லாம் நேர்வழியில் இறங்கியது.

நமக்குப் புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். இவருக்குப் புரையேறவே இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குத் தொண்டையின் அந்த இடம் மரத்துப்போகும், தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்குவது அவர்களுக்கே தெரியாது என்று டாக்டர் விளக்கினார். தெரியும் ஒரே அடையாளம் குரல். குடித்தபின் குரல் நனைந்தால் ஏதோ தவறு. அதனால்தான் பத்து வரை எண்ணச் சொன்னார், ஒவ்வொரு தடவையும்.

நான் முலுண்டில் என் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜுஹுவில் பார்த்தது

இந்த இடத்தில் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழைக்காலத்தில், ஜுஹு கடற்கரையில் ஒருவர் மூழ்கிப்போன செய்திக்குப் போயிருந்தேன். கல்லூரிக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். மூழ்கியவருக்குப் பத்தடி தள்ளி இரண்டு நண்பர்கள் நின்றிருக்கிறார்கள். அவர் தலையை மேலே அண்ணாந்துகொண்டு நின்றார், விளையாடுகிறார் என்று நினைத்தோம் என்றார்கள்.

அங்கே இருந்த உயிர்காப்பாளர், கோலி மீனவச் சமூகத்து மனிதர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னார். "முழுகுறவன் கத்தமாட்டான் மேடம். கத்தறதுக்குக் காத்து வேணுமே."

அதைத் தலைப்பாகப் போட நினைத்தேன். செய்தி டெஸ்கில் இருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

நோட்டுப் புத்தகம்

செய்தியாளர் பழக்கம், ஒரு நோட்டு போட்டேன். நேரம், என்ன குடித்தார், எவ்வளவு, பக்கத்தில் யார், குரல் ஈரமா உலர்ந்ததா. பத்து நாளில் கட்டங்களில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது.

காலை ஆறரை காபி: ஈரம். பகல் முழுக்க: உலர்ந்தது. சாயங்காலம் ஐந்துக்கு மேல்: ஈரம். ஞாயிற்றுக்கிழமை: விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஈரம்.

பகலில் அவரைக் கவனித்துக்கொண்டவர் ஜைனம்பு. தாராவியிலிருந்து வருபவர், சொந்த ஊர் மேலப்பாளையம், ஐம்பதை ஒட்டிய வயது. ஒன்பதுக்கு வந்து ஐந்துக்குப் போவார். ஞாயிறு லீவு.

அக்கா நோட்டை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். விரலைக் கட்டங்களின் மேல் ஓட்டினாள்.

"அவ போனப்புறம்தானே குரல் மாறறது?"

"அவ இருக்கறச்சே நன்னா இருக்குன்னும் சொல்லலாம்."

"என்னத்தையோ குடுத்து அமுக்கி வெச்சுட்டுப் போறாடி. இவ கை எடுத்ததும் அது கிளம்பறது."

அக்கா பட்டதாரி. வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். மாடி மாமி யாரோ காதில் ஓதியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த வீட்டில் அந்தக் குரலோடு பத்து சாயங்காலம் உட்கார்ந்திருந்தால், அப்படித் தோன்றுவது அவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்காது. எனக்கே இரண்டு தடவை தோன்றியது.

மறுநாள் ஐந்து மணிக்கு ஜைனம்பு கிளம்பும்போது அக்கா, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. ஜைனம்பு மேஜைமேல் திறந்துகிடந்த நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"நான் என்னத்தம்மா குடுத்தேன்? நீங்க வைக்கிற தண்ணி, நீங்க போடுத காபி. கரண்டியில எடுத்துக் குடுப்பேன், தலையக் குனிஞ்சுக்கிடுங்க ஐயான்னு சொல்லுவேன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

"குழந்தைக்குப் புகட்டற மாதிரி அவருக்கு என்னத்துக்குப் புகட்டணும்?" என்றாள் அக்கா. "அவரே எடுத்துக் குடிக்கறார்."

ஜைனம்பு சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டார். தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "வாரேன் ஐயா" என்று அத்திம்பேரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். தலைப்புச் செய்தியை ஏழாம் பக்கத்துக்கு அனுப்பிய டெஸ்க்காரர்களை என் காலத்தில் நிறையத் திட்டியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து பகலும் ஈரமானது.

பேப்பர் கப்

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. அத்திம்பேர் ஜன்னல் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கியும் தூங்காமலும் இருந்தார். மூச்சு வெளியே போகும்போது ஒரு சின்னச் சத்தம், பாலில் ஆடை கட்டும் முன் எழும் குமிழி உடைவதுபோல். அக்கா அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தெர்மாமீட்டரை எடுக்க இருவருக்கும் பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு வெளியே போனேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இரண்டு காபி வாங்கி வந்தேன். பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். ஒன்றை அத்திம்பேரிடம் நீட்டினேன்.

அவர் இடது கையால் வாங்கி, உதட்டில் வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி உறிஞ்சினார். நான்கைந்து வாய். எண்ணச் சொன்னேன்.

"ஒண்ணு... ரெண்டு..." பத்து வரைக்கும் உலர்ந்த குரல். பழைய அத்திம்பேர்.

நோட்டில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையில் வந்த முதல் உலர்ந்த கட்டம் அது. ஜைனம்பு அன்று மாதுங்காவிலேயே இல்லை.

அரை மணி கழித்து அவர் தண்ணீர் கேட்டார். அக்கா வெள்ளி நிறத்தில் பளபளக்கும் அவருடைய எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். அவர் அதை இடது கையில் வாங்கினார். தலையை அண்ணாந்தார். டம்ளரை உதட்டுக்கு நாலு விரல்கடை மேலே தூக்கிப் பிடித்து, கம்பிபோல் ஊற்றிக்கொண்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குரல்வளை ஒரு தடவை ஏறி, நடுங்கி, இறங்கியது.

வெளியே மழை திரும்பத் தொடங்கியது. தலையை மேலே அண்ணாந்துகொண்டு நின்றார், விளையாடுகிறார் என்று நினைத்தோம். யாரோ என் காதில் சொன்னதுபோல் இருந்தது.

"எண்ணுங்கோ, அத்திம்பேர்."

மூன்றிலேயே குரல் நனைந்துவிட்டது.

எங்கள் வீடுகளில் டம்ளரில் உதடு படக்கூடாது. சீப்பிக் குடிப்பது எச்சில். தூக்கித்தான் குடிக்கவேண்டும். பேசப் பழகும் முன்பே பழகிவிடுவோம், அதனால் அது ஒரு பழக்கம் என்பதே மறந்துபோகும். டாக்டர் எங்களிடம் என்ன சாப்பிடுகிறார், எப்போது, எவ்வளவு, உட்கார்ந்தா படுத்தா என்று எல்லாம் கேட்டிருந்தார். டம்ளர் உதட்டில் படுமா என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எந்த ஊர் டாக்டருக்குத் தோன்றும்?

"ஆஸ்பத்திரியில ஏன் அத்திம்பேர் சீப்பிக் குடிச்சேள்?" என்று கேட்டேன்.

"அது பேப்பர் கப்புன்னா," என்றாள் அக்கா, அவருக்குப் பதிலாக. "குடிச்சா தூக்கிப் போடப்போறா. அதுல பட்டா என்ன?" சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏண்டி?"

எனக்கு ஒரு போன் அழைப்பு நினைவுக்கு வந்தது. பக்கவாதம் வந்து இரண்டு மாதம் கழித்து, அக்கா சந்தோஷத்தில் மூச்சு வாங்கப் பேசியது. "ராஜி, இன்னிக்கு இடது கையாலேயே டம்ளரைத் தூக்கிக் குடிச்சுட்டார்! ஒரு சொட்டு சிந்தலை. என்னைப் பாரு பாருன்னார்."

முதல் காய்ச்சல் அதற்கு அடுத்த வாரம் வந்தது.

எலும்பு விரல்கள்

திங்கட்கிழமை காலை செம்பூரில் டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்தார். பிறகு அக்காவிடம், மராத்திக்காரர்கள் மாமி முறையில் கூப்பிடுவதுபோல், "காகூ, அந்த டம்ளர் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றார்.

அக்கா பையில் எப்போதும் அது இருக்கும். எடுத்துக் கொடுத்தாள்.

எக்ஸ்ரே அறையில் விளக்கை அணைத்தார்கள். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையின் முன்னால் நின்றோம். திரையில் சதை இல்லாத ஒரு தாடை, பல் வரிசை, அடுக்கிவைத்த கழுத்தெலும்புகள். அது அத்திம்பேர் என்பதற்கு ஒரே அடையாளம் கடைவாயில் இருந்த தங்கப் பல்.

டாக்டர் மைக்கில், "கர் ஜைஸா, காகா," என்றார். வீட்டில் குடிப்பதுபோல.

திரையின் ஓரத்திலிருந்து ஐந்து எலும்பு விரல்கள் உள்ளே வந்தன. அவற்றின் நடுவே டம்ளர் ஒரு கரிய கட்டையாக இருந்தது. மண்டையோடு மெல்லப் பின்னால் சாய்ந்தது. விரல்கள் டம்ளரை உயர்த்தின. கையில் சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெளுத்திருந்த திரவம் திரையில் கறுப்பாக இறங்கியது.

நாக்கின் பின்னால் அது ஒரு கணம் தயங்கியது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. பெரும்பகுதி பின்வழியாகப் போனது. ஒரு மெல்லிய கறுப்பு நூல் மட்டும் முன்வழியில், குரல் நாண்களுக்கு நடுவில், மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அதை எதுவும் தடுக்கவில்லை. எதுவும் துள்ளவில்லை. ஒரு வீட்டுக்குள் அந்த வீட்டு மனிதர் நுழைவதுபோல் அமைதியாக உள்ளே போனது.

மண்டையோடு நேராக நிமிர்ந்தது. தாடை திறந்து மூடியது. ஒலிபெருக்கியில் அந்த ஈரக் குரல் கேட்டது.

"போதுமா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

அடுத்து அதே டம்ளரை உதட்டில் வைத்து, மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்திக் குடிக்கச் சொன்னார்கள். கறுப்பு ஒரே வழியாக, முழுசாக, பின்னால் இறங்கியது. மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் அப்படியே.

தலையை அண்ணாந்தால் மூச்சுக்குழாயின் வாய் திறந்து நிற்கும், தாழ்த்தினால் வழி அடைபடும், நல்ல தொண்டை இருப்பவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று டாக்டர் அக்காவுக்குக் காட்டினார். டியூப் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மாத்திரை எழுதினார்.

அக்கா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. டாக்ஸியில் சயான் தாண்டும்போதுதான் பேசினாள்.

"அத்தனையும் நான் குடுத்ததுடி. நானே எடுத்துக் கையில குடுத்தேன்."

முன்சீட்டில் அத்திம்பேர் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜைனம்பு கேட்டது

அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனேன். பிரதான சாலையிலிருந்து மூன்று திருப்பம், மாடியில் ஒற்றை அறை. ஜைனம்பு ஏணிப்படியில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கை நிற்கவில்லை.

"அப்ப நான் வெசம் வைக்கலன்னு மிசின்ல வந்துட்டு?"

"வந்துட்டுது."

"மிசினு சொன்னாத்தான் ஒங்களுக்கெல்லாம் நம்பிக்கை." ஒரு மீனின் தலையைக் கிள்ளி எறிந்தார். "எங்க மாமாவும் இப்படித்தான். பக்கவாதம் வந்து கெடந்தாஹ. அண்ணாந்தா நெஞ்சுக்குள்ள கொளகொளன்னு கேக்கும். குனிஞ்சா கேக்காது. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

"அப்பவே அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேம்மா. நீங்ககூட எழுதுனிய."

நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

"வாரேன்," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. காலைக் காபியும் நாந்தான் குடுப்பேன். ஆறரைக்கே வந்துருவேன். ஒங்க அக்காட்ட சொல்லிருங்க, தூக்கிக் குடிக்கதுக்கு நான் அந்தப் பக்கம் திரும்புனதும் டம்ளரைக் குடுக்கப்படாது."

ஆறரை மணி

மறுநாள் காலை அக்காவே கதவைத் திறந்தாள். ஜைனம்பு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்கா காபியை ஆற்றி டம்ளரை ஜைனம்புவின் கையில் கொடுத்தாள். வழக்கமாக மேஜைமேல் வைப்பாள்.

"ஐயா, குனிஞ்சுக்கிடுங்க."

அத்திம்பேர் அக்காவைப் பார்த்தார். எழுபத்தைந்து வருஷத்தில் வீட்டில் அவர் எவர்சில்வர் விளிம்பில் உதடு வைத்ததில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதையோ பார்ப்பதுபோல் நின்றாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். தலையைத் தாழ்த்தினார். உதடு டம்ளரில் பட்டது.

நான் பதிவை ஓடவிட்டேன். பத்து வரைக்கும் உலர்ந்த குரல். அக்கா திரும்பவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

பதிவைச் சேமிக்கப்போன என் விரல் தவறி, பழைய பதிவொன்றில் பட்டுவிட்டது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். அந்த இன்னொரு குரல் ஹாலில் எண்ண ஆரம்பித்தது. "அஞ்சு... ஆறு..."

அத்திம்பேர் தலையை நிமிர்த்திக் கவனித்தார். நான் அவசரமாக நிறுத்தப்போனேன். கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். பத்து வரைக்கும் கேட்டார்.

"யாரோ தண்ணிக்குள்ள நின்னுண்டு எண்ணிண்டிருக்கான்," என்றார். "போய் வெளியில இழுத்து விடுங்கோ. அவனாக் கூப்பிட மாட்டான்."